வடகோடியில் ஒரு பெரட்டு

"அண்ணே, உங்கள் ஊரில் பனிக்கரடி தெருவில் நடமாடுமாமே, அதைப் பற்றி எழுதி அனுப்புங்களேன்!" என்று நம் மொழிக் கழகத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அன்புத் தம்பி தங்கைகளே, முதலில் இந்தக் கரடிக் கதையை முடித்துவிடுகிறேன். நான் குடியிருக்கும் துரோம்சோ நகரில் பனிக்கரடி கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டி இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போக வேண்டும். அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. பறவைகளைக் காப்பதற்காக அந்தத் தீவுகளில் பூனை வளர்க்கத் தடை. கரடி உலாவலாம், பூனை கூடாது!

துரோம்சோ, நார்வே நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. கேட்டாலே பல் கிட்டும். ஆனால், அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் கரையோரமாகப் போவதால் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உள்நாட்டில் இருக்கும் கராசியோக் என்ற ஊரில் 1886 ஜனவரி 1ஆம் நாள் மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நாட்டின் குளிர்ச் சாதனை அதுதான். எங்கள் ஊரின் சாதனை பனியில். 1997 ஏப்ரல் 29ஆம் நாள் இங்கே தரையில் கிடந்த பனியின் உயரம் 240 செண்டிமீட்டர். உயரம் தாண்டுதலில் கியூபாவின் சோட்டோமாயர் 1993இல் படைத்த உலக சாதனை 245 செண்டிமீட்டர். ஆக, எங்கள் ஊர்ப் பனி ஐந்தே செண்டிமீட்டரில் உலக சாதனையைக் கோட்டை விட்டது!

நான் 2010இல் மீன்வளப் படிப்புக்காக இங்கே வந்தேன். அப்போது வெளிநாட்டு மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே, என்னை நம்பிப் பெட்டி கட்டிவிடாதீர்கள். படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை கிடைத்தது. என்ன வேலை என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இங்கே கடலில் பெரிய வலைக்கூண்டுகள் கட்டிச் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். அந்த மீன்களின் தோலில் ஒருவகைப் பேன் ஒட்டிக்கொள்ளும். ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் பருவத்தில் அது 0.2 ஆகக் குறைந்துவிடும். எனவே, கடல்நீர் 4 டிகிரிக்கு மேல் இருந்தால் ஏழு நாளுக்கு ஒரு முறையும், அதற்குக் கீழே போனால் பதினான்கு நாளுக்கு ஒரு முறையும் மீன்களைப் பிடித்து, மயக்க மருந்து கலந்த தொட்டியில் விட்டு, புரட்டிப் புரட்டிப் பேன் எண்ண வேண்டும். எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன்.

"மீனுக்குப் பேன் பாக்குறியா? இதுக்காய்யா நான் பால்மரம் வெட்டி உன்னைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன்?" என்றார் அம்மா. மறு வாரமே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செய்தி பரவிவிட்டது. இன்றைக்கும் அங்கே என் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. "பேன் பாக்குற தம்பி" என்றால் உடனே தெரியும்.

வேலையிடத்தில் வேறு வகைச் சோதனைகள். இந்த நாட்டில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "சார்", "டீச்சர்" என்று பன்னிரண்டு ஆண்டு பழகிய நாக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. முதல் ஆறு மாதம் என் மேலதிகாரியை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை இருமிக்கொண்டே இருந்தேன். எனக்கு நெஞ்சுச் சளி என்று நினைத்து அவர் மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னார். ஸ்காட்ஸ் மீன் எண்ணெய்ப் புட்டியில் முதுகில் பெரிய மீனைச் சுமந்து நிற்பாரே ஒருவர், நினைவிருக்கிறதா? சிறு வயதில் அவரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன். கடைசியில் அந்த மீன் பிடிபடும் கடலோரத்துக்கே வந்து மாட்டிக்கொண்டேன்.

மதிய உணவு பதினொன்றரை மணிக்கு. இரண்டு ரொட்டித் துண்டு, இடையே ஒரு மெழுகுத் தாள், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டி தயாரித்தபின் மிஞ்சும் நீரை வற்ற வற்றக் காய்ச்சிச் செய்வதால் அது பால்கோவாவுக்குச் சித்தப்பா மகன் போல இனிக்கும். சாம்பாரை நான் வேலைக்குக் கொண்டு போன நாளில் முழுத் தளமும் வாசம் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு கரண்டி கேட்டார்கள். நான் அன்று பட்டினி.

எங்கள் மகள் 2017இல் பிறந்தாள். தந்தைக்கென்று தனியே பிள்ளைப்பேற்று விடுப்பு ஒதுக்கும் முறையை 1993லேயே கொண்டுவந்த நாடு இது. நானும் எனக்குரிய வாரங்களை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். "ஏன்யா பகல்ல வீட்ல இருக்க? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று அம்மா பதறினார். பனிக்காலத்தில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் சுற்றிப் போர்த்தி வெளியே தூங்க வைப்பது இவ்வூர் வழக்கம். அந்தப் படத்தை அனுப்பியதும் அடுத்த அழைப்பு வந்தது. "பச்சப் பிள்ளைய வெளிய போட்டுட்டு உள்ளுக்கு உக்காந்து என்னய்யா பண்றீங்க?"

வீட்டில் நாலாவது உறுப்பினரும் உண்டு. சாம்பல் நிற மான்வேட்டை நாய். மானை அது இதுவரை பார்த்ததுகூட இல்லை. முந்தைய உரிமையாளர் வைத்த பெயர் பாம்சே, அதாவது கரடிப் பொம்மை. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 20 வரை காட்டு உயிர்களின் குட்டிகளுக்காக நாடு முழுவதும் நாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது சட்டம். மற்ற மாதங்களிலும் எங்கள் வீட்டில் கட்டுண்டு போவது நாங்கள்தான். மழையோ பனிப்புயலோ, ஒரு நாளைக்கு மூன்று முறை அது எங்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போகும். இருட்டில் கார்க்காரர் கண்ணில் படுவதற்காக ஒளிரும் மேலங்கி ஒன்றும் அதற்கு உண்டு. எங்கள் வீட்டிலேயே ஆகப் பளிச்சென்று உடுத்துவது அதுதான்.

2022இல் அப்பா காலமானார். தாமான் வீட்டில் அம்மா தனியானார். எத்தனையோ முறை கெஞ்சியபின், 2023 நவம்பர் தொடக்கத்தில் இங்கே வரச் சம்மதித்தார். மலேசியக் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் 90 நாள். அதற்குள் மனம் கொஞ்சம் தேறிவிடும் என்பது எங்கள் கணக்கு. ஆனால், அம்மாவுக்குக் கிடைத்த விடுமுறையும் எனக்குக் கிடைத்த விடுப்பும் பொருந்திய காலம் இருட்டுக் காலம். நவம்பர் 27 வாக்கில் துரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால் ஜனவரி 15 வரை மேலே வராது. நண்பகலில் சில மணி நேரம் நீல நிற வெளிச்சம் மட்டும் கசியும்.

வந்ததும் முதல் மோதல் நாயோடுதான். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்ச கதையைக் கேட்டிருக்கேன், இப்பத்தான் கண்ணால பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தார். தோட்டத்தில் நாய் வாசலோடு சரி. "பாம்சேன்னு என்னய்யா பேரு, பாம்பு மாதிரி? மணின்னு கூப்பிட்டா என்ன?" என்றார். அன்றிலிருந்து அது மணி.

அடுத்த மோதல் பேத்தியோடு. அவள் அந்த ஆகஸ்டில்தான் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் நார்வே மொழியில் பதில் சொல்வாள். கேட்பது புரியும், வாய் மட்டும் வராது. எங்களுக்கு இரண்டும் தெரியும் என்பதால் அது பெரிதாக உறுத்தவில்லை. பாட்டி வந்து எதிரில் உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. பாட்டி தமிழில் கேட்பார், பேத்தி நார்வே மொழியில் சொல்வாள், நான் நடுவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் போல நிற்பேன். இரண்டு வாரத்தில் இருவருமே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் பிறந்தது. அம்மா பிற்பகல் மூன்று மணிக்கே படுக்கப் போனார். தட்டில் சோறு மிஞ்சியது. சன்னலோரம் உட்கார்ந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பச்சை நிறத்தில் துருவ ஒளி வானமெங்கும் ஆடியது. ஊர் உலகமெல்லாம் பணம் கட்டிப் பார்க்க வரும் காட்சி. "யாரு வீட்லயோ கரண்டு கசியுது போல" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினார். நானும் மனைவியும் அன்றிரவே, பயணத்தை முன்னதாக மாற்றி அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மனைவி இரவு வேலை முடிந்து வந்தாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. "அத்தை எங்கங்க?" என்றாள். படுக்கை காலி. வாசலில் மாட்டியிருந்த என் நெற்றி விளக்கைக் காணோம். நாயையும் காணோம். வெளியே மைனஸ் 6 டிகிரி. தெரு முழுவதும் கண்ணாடி போல வழுக்கும் பனிக்கட்டி. நான் ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் சிலிப்பருமாகப் படியிறங்கும்போது, தூரத்தில் ஒரு விளக்கு ஆடி ஆடி வந்தது.

கம்பளித் தொப்பிக்கு மேலே நெற்றி விளக்கு. சேலைக்கு மேலே என் மேலங்கி. சப்பாத்துக்கடியில் ஆணி வைத்த ரப்பர் வார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் மணி. அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. வந்து பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் உயிர் இருந்தது.

"எங்கம்மா போனீங்க?"

"பெரட்டுக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

இளைய தலைமுறைக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. வெயில் ஏற ஏற மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டு வேலை இருட்டிலேயே தொடங்கும். முப்பது ஆண்டுகள் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரைகளுக்குள் நடந்தவர். "நானும் ஒரு மாசமா விடியட்டும் விடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நேத்து ராத்திரிதான் தோணுச்சு. நான் என்னைக்குய்யா விடிஞ்சப்புறம் வேலைக்குப் போயிருக்கேன்?" என்றார்.

அன்றிலிருந்து காலை ஐந்து மணி நடை அம்மாவின் பொறுப்பு. வழியில், நாயோடு நடக்கும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் சேர்ந்துகொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு நார்வே மொழி தெரியாது. ஆனால், அரைமணி நேரம் பேசிக்கொண்டே வருவார்கள். "என்னம்மா பேசுறீங்க?" என்று கேட்டால், "அவங்க நாயைப் பத்தி அவங்க குறை சொல்றாங்க, நம்ம நாயைப் பத்தி நான் குறை சொல்றேன்" என்பார். ஒரு சனிக்கிழமை அடுக்ககத்தார் எல்லாரும் கூடிப் பனி வாரினார்கள். நார்வேயில் இதற்கு டுக்னாட் என்று பெயர். அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "கோத்தோங் ரோயோங்!" பனிவாரியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

இதற்கிடையே நாய்க்கு ஒன்று நடந்தது. நாளெல்லாம் அம்மாவோடு இருந்ததால் அது தமிழுக்கு மாறிவிட்டது. "வா", "உக்காரு", "இரு", "அதைத் தொடாத" எல்லாம் கேட்கும். மகள் நார்வே மொழியில் கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. தன் நாய் தன் பேச்சைக் கேட்கவில்லையே! ஒருநாள் மாலை அடுப்படியிலிருந்த எங்கள் காதில் விழுந்தது: "மணி, இங்க வா. உக்காரு. நல்ல பிள்ள." உச்சரிப்பு அப்படியே அம்மாவுடையது. மனைவி கரண்டியோடு அசையாமல் நின்றாள். நாங்கள் ஆறு ஆண்டுகள் கதைப் புத்தகம், பாட்டு, மிட்டாய் என்று முயன்று வராத தமிழ், நாலுகால் வாத்தியாரிடம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

ஆனால், நாயிடம் படித்த தமிழில் ஒரு குறை. அதில் மரியாதை கிடையாது.

எங்களுக்கு யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பழக்கம். 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நார்வேக்கு வந்த அந்தோனி இராசேந்திரத்திலிருந்து இந்நாட்டுத் தமிழர் வரலாறு தொடங்குகிறது. பிறகு போரின் காரணமாக 1980களிலும் 90களிலும் பலர் வந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் வடக்கே ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். ஐயாவும் அங்கே ஆண்டுக்கணக்கில் கத்தியும் கையுமாக மீன் வெட்டியவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாவைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்த மகள் நாற்காலியைச் சுட்டி, கணீரென்று சொன்னாள்: "இங்க வா. உக்காரு." ஐயா திகைத்துப்போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலையைத் தடவி, "நல்ல பிள்ள!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏசாதையுங்கோ தம்பி. பிள்ளை தமிழில எல்லோ சொல்லுது. என்ர பேரப்பிள்ளையள் என்னோட நார்வே மொழியிலதான் மரியாதையாக் கதைக்கிறாங்கள்." அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் எழுந்து தேநீர் போடப் போனார்.

2024 ஜனவரி 15 பொங்கல். கணக்குப்படி சூரியன் அடிவானத்துக்கு மேலே வரும் நாளும் ஏறக்குறைய அதுதான். ஆனால், தெற்கே மலைகள் மறைப்பதால் 21ஆம் நாள் வாக்கில்தான் ஊருக்குள் முகம் காட்டும். அன்று பிள்ளைகளுக்குச் சூரிய ரொட்டி என்று வட்டமான இனிப்புப் பண்டம் கொடுத்துக் கொண்டாடுவார்கள். "சூரியனே இல்லாம யாருக்கும்மா பொங்கல்?" என்றேன். "வராதவருக்கு எலை போட்டு வெக்கிறதில்லையா?" என்றார் அம்மா. அப்பாவின் இறப்புக்குப் பிறகு அவர் பொங்கல் வைப்பது அதுதான் முதல் தடவை. மின்னடுப்பில் பானை ஏற்றியதும் எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்று குழப்பம். இந்த மாதத்தில் இங்கே சூரியன் கிழக்கில் உதிக்காது. நண்பகலில் தெற்கே எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிடும். அம்மா தெற்குச் சன்னலைத் திறந்தார். குளிர் சரேலென்று உள்ளே பாய்ந்தது. பால் பொங்கியது. பேத்தியும் பாட்டியும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, மணி குரைத்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போனார்.

ஜனவரி கடைசியில் அம்மா புறப்பட்டார். அதற்குச் சில நாள் முன்னால், மலை இடுக்கில் சில நிமிடம் வெயில் விழுந்தது. பேத்திக்கும் அவருக்கும் தெருவில் நீளமாக நிழல் விழுந்ததைக் காட்டிச் சிரித்தார். "இன்னும் கொஞ்ச நாள் எங்களோடேயே இருக்க வழி பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "வேணாய்யா. அங்க என் வீடு இருக்கு, உங்கப்பா நட்ட மாமரம் இருக்கு. தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார்.

ஞாயிறுதோறும், அங்கே இரவு ஒன்பது, இங்கே பிற்பகல் இரண்டு, காணொளியில் பேசுகிறோம். மகளுக்கு இப்போது "வாங்க, உக்காருங்க" வந்துவிட்டது. பாட்டியிடம் மட்டும் இன்னும் "சாப்ட்டியா?" தான். அம்மா அதைத் திருத்த விடுவதில்லை. வேற்றூரில் பிள்ளை வளர்க்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமென்றால், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரை வீட்டில் வையுங்கள். பாட்டி கிடைக்காவிட்டால் ஒரு நாயாவது.

அம்மா இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்து தாமானைச் சுற்றி நடக்கிறார். துணைக்கு, கோயில் வாசலில் கிடந்த ஒரு தெரு நாயை எடுத்து வளர்க்கிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர், பாம்சே.